தாரமங்கலமா, சங்ககிரியா, பூலாம்பட்டியா? சேலத்திலிருந்து ஒரு பகல் பயணம்

சேலத்துக்கு விருந்தினர் வந்தால் ஏற்காட்டுக்கு அழைத்துச் செல்வது எழுதப்படாத விதியாகிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏரியும் பகோடா பாயிண்டும் பார்க்க வேண்டியவைதாம். ஆனால் விடுமுறை நாள்களில் வாகனங்கள் வரிசைகட்டி ஊரும் அந்த மலைப்பாதையில் பாதிப் பகலைத் தொலைப்பதைவிட, மாவட்டத்தின் மேற்குப் பக்கம் திரும்புவது மேல் என்பது என் கருத்து. அங்கே தாரமங்கலம், சங்ககிரி, பூலாம்பட்டி ஆகிய மூன்று ஊர்களும் வெவ்வேறு மனநிலை கொண்ட பயணிகளுக்கு உரியவை.

ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், தயங்காமல் தாரமங்கலத்தைச் சொல்வேன். இப்பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் 17ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலின் சிற்பங்களை அவசரமாகப் பார்த்துவிட்டு வர முடியாது. வாலி நிற்கும் தூணருகே நின்று தேடினால் இராமன் கண்ணில் படமாட்டான். இராமனுடைய தூணருகே போய் நின்றாலோ வாலி தெளிவாகத் தெரிவான். மறைந்திருந்து எய்த கதையைச் சிற்பி தூண்களை நிறுத்திய இடத்திலேயே சொல்லிவிட்டார். யாளியின் வாய்க்குள் விரலை விட்டால் கல் உருண்டை புரளுமே தவிர வெளியே வராது. விதானத்தில் செதுக்கிய தாமரையைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த பிறகுதான் அடுத்த தூணுக்கு நகர மனம் வரும். எண்கோணத் தெப்பக்குளத்தில் ஒரு மூலையிலிருந்து சுவரில் கல்லெறிந்தால் அது எட்டுப் பக்கமும் பட்டு எறிந்தவரிடமே திரும்பும் என்று ஊரார் சொல்வார்கள். கோயில் மேற்கு நோக்கியது என்பதால், நடை சாத்தும் நண்பகலைத் தவிர்த்து, மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் சாயும் வேளையில் செல்வது நல்லது. சேலை வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு இளம்பிள்ளையும் பக்கத்தில்தான் இருக்கிறது.

சங்ககிரி இதற்கு நேர்மாறானது. இங்கே பார்ப்பதைவிட ஏறுவதே முதன்மையான வேலை. கோவை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் லாரித் தொழிலுக்கும் சிமெண்ட் ஆலைக்கும் பேர்போன ஊராக மட்டுமே இதை அறிவார்கள். மலையடிவாரத்தில் தொடங்கி வாயில் வாயிலாகக் கடந்து மேலே செல்லும் கோட்டையோ, திப்பு சுல்தான் காலத்தில் மைசூர்ப் படையின் அரணாக இருந்து பின்னர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1805இல் தீரன் சின்னமலை இங்கேதான் தூக்கிலிடப்பட்டார். ஆடிப்பெருக்கன்று அவருக்கு அஞ்சலி செலுத்த வருகிறவர்களால் ஊர் நிறைந்துவிடும். மற்ற நாள்களில் மதில்கள் ஆளரவமின்றிக் கிடக்கின்றன. மேலே கடை எதுவும் இருக்காது என்பதால் தண்ணீரைச் சுமந்துகொண்டு விடியற்காலையிலேயே ஏறத் தொடங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் அடிவாரத்தோடு நிறுத்திக்கொண்டால், வந்ததற்குப் பாதிப் பலன்கூடக் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எடப்பாடியைத் தாண்டியுள்ள பூலாம்பட்டியில் வரலாறு தேட வேண்டியதில்லை. கதவணையால் தேங்கி ஏரிபோல் விரிந்து நிற்கும் காவிரியும், கரையோரத் தென்னைகளும், எதிர்க்கரையிலுள்ள ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கு மக்களையும் இருசக்கர வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் விசைப்படகும்தான் இவ்வூரின் கவர்ச்சி. உல்லாசப் படகுக்கு வேறு இடங்களில் கொடுக்கும் கட்டணத்தோடு ஒப்பிட்டால், அன்றாடம் வேலைக்குப் போகிறவர்களோடு அமர்ந்து ஆற்றைக் கடப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ‘குட்டி கேரளா’ என்ற பட்டப்பெயர் மட்டும் எனக்குப் பிடிப்பதில்லை; காவிரிக்கு இரவல் பெயர் எதற்கு? மேட்டூரிலிருந்து உபரிநீர் பெருமளவில் திறக்கப்படும்போதும், பராமரிப்புக்காகக் கதவணை நீரை வெளியேற்றும்போதும் படகுப் போக்குவரத்து நின்றுவிடும். ஆகவே புறப்படும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு மூன்றில் இதுவே ஏற்றது.

மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாமே என்று வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். சாலை அதற்கு இடம் கொடுக்கும். சாப்பாடு இடம் கொடுக்காது. பூலாம்பட்டிப் படகுத்துறையை ஒட்டிய கடைகளில் மதியம் ஆற்றுமீன் வறுவலைச் சாப்பிட்டுவிட்டு, மாலையில் கைலாசநாதர் சன்னிதிக்குள் நுழைய நம்மில் பலருக்கு மனம் ஒப்பாது. ஆகவே காலையில் சங்ககிரி, மாலையில் தாரமங்கலம் என்று ஒரு நாளை வைத்துக்கொண்டு, பூலாம்பட்டிக்கு வேறொரு நாளை ஒதுக்குவதே உத்தமம்.