மேக்புக் ப்ரோ திரையில் எச்டிஆர் எடிட்டிங்: இரும்பின் சிவப்பைப் பார்த்த கதை

கொல்லர் பட்டறை பற்றிய ஒரு குறும்படம். உலையிலிருந்து இரும்பை இழுத்து வெளியே எடுக்கும் ஷாட்டை எடிட் செய்ய உட்கார்ந்திருந்தேன். அப்போது என்னிடம் இருந்தது, பெட்டியில் எச்டிஆர் (அடர்ந்த இருட்டையும் மிகுந்த வெளிச்சத்தையும் ஒரே படத்தில் காட்டும் முறை) என்று பெரிதாகப் போட்டிருந்த ஒரு மானிட்டர். உச்ச வெளிச்சமே 400 நிட்ஸ்தான் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு நிட்). பின்விளக்கும் திரை முழுக்க ஒன்றாகவே ஏறும், ஒன்றாகவே இறங்கும். இரும்பு அதில் ஒரு வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தது. வெளிச்சம் போதவில்லை என்று ஹைலைட்டை, அதாவது படத்தின் பிரகாசமான பகுதிகளை, ஏற்றிக்கொண்டே போனேன்.

முடித்த படத்தை நல்ல ஓஎல்இடி டிவி ஒன்றில் போட்டுப் பார்த்தபோது மனசு விட்டுப்போனது. இரும்புக்குப் பின்னால் இருந்த ஜன்னல் கண்ணைக் குத்தியது. கொல்லரின் முகத்துக்குப் பார்வை போகவே இல்லை. 400க்கு மேல் எது போனாலும் என் மானிட்டருக்கு எல்லாம் ஒரே வெள்ளை. ஜன்னலை எவ்வளவு தூரம் ஏற்றிவிட்டேன் என்பது என் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

அதற்கப்புறம் வாங்கியதுதான் 16 அங்குல மேக்புக் ப்ரோ, 2021 மாடல். மினி எல்இடி திரை, அதாவது பின்விளக்கு பகுதி பகுதியாகத் தனித்தனியே ஏறி இறங்கும் திரை. எச்டிஆர் படத்துக்கு முழுத்திரையிலும் 1000 நிட்ஸ் நின்று எரியும், உச்சத்தில் 1600 வரை போகும். ஆனால் எனக்கு இதில் பெரிய விஷயம் 1600 இல்லை. டிஸ்ப்ளே அமைப்பில் இருக்கும் ரெஃபரன்ஸ் மோடுதான். ‘எச்டிஆர் வீடியோ, பி3-எஸ்டி 2084’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை பூட்டிக்கொள்ளும், திரையின் நிறத்தைத் தானாக மாற்றும் ட்ரூ டோனும் நைட் ஷிஃப்டும் அணைந்துவிடும். படத்தில் 300 நிட்ஸ் என்று இருந்தால் திரையிலும் 300தான். நேற்று செய்த கிரேடிங் (நிறம், வெளிச்சம் திருத்தும் வேலை) இன்று வேறு மாதிரி தெரிகிறதே என்ற குழப்பம் அதோடு போயிற்று.

நான் கிரேடிங் செய்யும் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வியூவர்களுக்கு (படம் தெரியும் சாளரங்களுக்கு) மேக்கின் டிஸ்ப்ளே கலர் ப்ரொஃபைலைப் பயன்படுத்தச் சொல்லும் பெட்டியில் டிக் போட வேண்டும், ப்ராஜெக்டின் அவுட்புட்டை ரெக்.2100 எஸ்டி 2084 என்று வைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் படம் சாம்பல் பூசியது போல வெளிறிக் கிடக்கும். எஸ்டி 2084 என்பது, சிக்னலை வெளிச்சமாக மாற்றும் பிக்யூ என்கிற வளைவு. அது 10,000 நிட்ஸ் வரைக்கும் இடம் வைத்திருக்கிறது, அதில் கிட்டத்தட்ட பாதி சிக்னல் 100 நிட்ஸுக்குக் கீழேயே செலவாகிறது. அதைச் சாதாரண வீடியோவின் வளைவான காமாவாகப் படித்தால் வெளிறாமல் என்ன செய்யும்? இது தெரியாமல் கான்ட்ராஸ்டை ஏற்றித் தங்கள் படத்தைத் தாங்களே கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து முதலில் அமைப்பைச் சரிபாருங்கள்.

சரி, குறைகள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் சுற்றிலும் லேசான ஒளிவட்டம் தெரியும். மினி எல்இடி என்றாலே இது உண்டு. இருட்டுக் காட்சியில் டைட்டில் வைக்கும்போது நான் அதை நம்புவதில்லை. நிறம் பி3 என்ற வரம்பு வரைதான், அதைவிட அகலமான ரெக்.2020 முழுசாக வராது. டைம்லைன், ஸ்கோப் (வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து காட்டும் வரைபடம்) எல்லாம் இடம் பிடித்தபின் வியூவர் சிறுத்துவிடுகிறது. ஓஎஸ் குறுக்கே வராத சுத்தமான சிக்னல் தனி மானிட்டருக்குப் போக வேண்டுமென்றால் அல்ட்ராஸ்டுடியோ போன்ற வெளியீட்டுப் பெட்டி தேவை. வெளிச்சம் பூட்டியிருப்பதால் பகல் வெளிச்சத்தில் நிழல் பகுதிகளும் சரியாகத் தெரியாது. எச்டிஆருக்கான பிடி.2100 (ரெக்.2100 என்பதும் இதுதான்) தரம் திரைக்குப் பின்னால் 5 நிட்ஸ் அளவு மங்கலான சாம்பல் சூழலைக் கேட்கிறது. நான் கனமான திரைச்சீலை போட்டு, லேப்டாப்புக்குப் பின்னால் ஒரு சிறிய விளக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். தனி ஆளாக வேலை செய்பவருக்கு இந்தத் திரை தாராளமாகப் போதும் என்பது என் எண்ணம்.

அந்த இரும்பு ஷாட்டை மறுபடி கிரேடிங்குக்கு எடுத்தேன். சட்டையின் வெள்ளையை 200 நிட்ஸ் பக்கம் வைத்தேன். எச்டிஆரில் வெள்ளைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 203. ஜன்னலை அதற்குக் கொஞ்சம் மேலே மட்டும் விட்டு, 800ஐ இரும்புக்கு மட்டும் ஒதுக்கினேன். அப்போதுதான் அது வெள்ளைப் பட்டை இல்லை என்று தெரிந்தது. நடுவில் மஞ்சள், அதைச் சுற்றி ஆரஞ்சு, ஓரத்தில் ஆறிக்கொண்டிருக்கும் அடர் சிவப்பு. சாதாரண வீடியோவில் வெளிச்சத்தை ஏற்றினால் நிறம் கழுவிப்போகும். இங்கே இரண்டும் சேர்ந்து நின்றது. சுத்தியல் விழுந்ததும் இரும்பின் மேல்தோல் கறுப்புச் செதிலாக உதிர்கிறது, செதில் விட்ட இடத்தில் புதுச் சிவப்பு எட்டிப் பார்க்கிறது. படம்பிடித்த அன்று பட்டறையில் நேரில் நின்று நான் பார்த்த சிவப்பு அதுதான்.