கிடைக்குழாயில் காற்றும் தண்ணீரும்: சோதனையா, சிமுலேஷனா?

டெல்டாவில் பம்புசெட் போட்டதும் குழாய் வாயைப் பார்த்தால் தெரியும். காற்று சீறும், ஒரு வீச்சு தண்ணீர் வந்து விழும், மறுபடி காற்று. நரிமணம், அடியக்கமங்கலம் போன்ற எண்ணெய் வயல்களில் வாயுவும் திரவமும் ஒரே குழாயில் போகும்போது கவனிக்க வேண்டியதும் இந்த ஓட்டம்தான். ஸ்லக் ஓட்டம் என்பார்கள். திரவக் கட்டிகள் வேகமாக வந்து மோதினால் வளைவுகள் அதிரும், வாயுவையும் திரவத்தையும் பிரிக்கும் கலன் தடுமாறும்.

திருச்சி, தஞ்சாவூர் பக்கம் மாணவர்கள் இதை ப்ராஜெக்டாக எடுத்தால் முன்னால் இரண்டு வழிகள். அக்ரிலிக் குழாயில் ஓடவிட்டுப் பார்க்கலாம். கணினியில் சிமுலேஷன் செய்யலாம். ஒன்றுக்குத்தான் வசதி என்றால் குழாயைத்தான் எடுக்கச் சொல்வேன்.

காரணம் நுழைவாயில். சிமுலேஷனில் பலரும் மேல்பாதியில் காற்று, கீழ்ப்பாதியில் தண்ணீர் என்று உள்ளே விடுகிறார்கள். காற்றும் தண்ணீரும் மேலும் கீழுமாகப் பிரிந்து போகும் அடுக்கு ஓட்டத்தை நாமே கொடுத்துவிட்டு, 'அடுக்கு ஓட்டம் வந்தது' என்று அறிக்கை எழுதினால் அதில் கண்டுபிடிப்பு எங்கே? உண்மைக் குழாயில் கலவை டீயிலிருந்து (இரண்டும் சேரும் T வடிவ இணைப்பு) வரும் காற்றும் தண்ணீரும் தங்கள் வழியைத் தாங்களே தேடிக்கொள்கின்றன. காற்றின் வேகத்தைக் கூட்டக் கூட்ட அலை எழும். போதிய தண்ணீர் இருந்தால் அலை கூரையைத் தொட்டுக் குழாயை அடைக்கும்.

குழாயிலும் தொல்லை உண்டு. 50 மி.மீ. விட்டம் என்றால், விட்டத்தைப் போல 200 மடங்கு வைத்தாலே நீளம் 10 மீட்டர். அதற்குக் குறைந்தால் ஸ்லக் முழுதாக உருவாகாமல் போகலாம். கம்ப்ரசரின் துடிப்பு அழுத்த அளவீட்டில் கலந்துவிடும், நடுவில் தேக்கக் கலன் வேண்டும். வட்டச் சுவர் ஒளியை வளைப்பதால், படம் எடுக்கும் இடத்தில் தண்ணீர் நிரப்பிய சதுரப் பெட்டியைக் குழாயைச் சுற்றிப் பொருத்த வேண்டும். செவ்வகக் கால்வாயில் இந்தச் சிக்கல் இல்லை.

சிமுலேஷனில் பெரும்பாலோர் கையாள்வது, ஹிர்ட், நிக்கோல்ஸ் இருவரும் 1981-இல் வெளியிட்ட விஓஎஃப் (Volume of Fluid) முறை. குழாயின் உள்வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் திரவம் எவ்வளவு பங்கு என்று 0 முதல் 1 வரை கணக்கு வைக்கும். ஓப்பன்ஃபோம் என்ற சிமுலேஷன் மென்பொருள் இலவசம் என்பதால் அதற்குச் செலவில்லை, நேரம்தான் செலவு. காற்றும் தண்ணீரும் சந்திக்கும் எல்லைப்பரப்பு கூர்மையாக வர மெஷ், அதாவது அந்தக் கட்டங்களின் வலை, நுணுக்கமாக வேண்டும், மெஷ் நுணுகினால் கணக்கு முன்னேறும் ஒவ்வொரு நேரப்படியும் (time step) சுருங்கும். சில விநாடி ஓட்டத்துக்கே கணினி நாள்கணக்கில் ஓடலாம். அதற்கு அஞ்சி இரு பரிமாணத்தில் முடித்துவிடுகிறார்கள். வட்டக் குழாய்க்கு அது சரியே இல்லை: திரவ மட்டம் ஏறும்போது வாயுவுக்கு மிஞ்சும் பரப்பு அங்கே வேறு கணக்கில் குறைகிறது.

ஆனால் ஓரிடத்தில் சிமுலேஷனை விட்டால் வழியில்லை. ஆய்வுக்கூடத்தில் ஓடுவது வளிமண்டல அழுத்தக் காற்று. தண்ணீர் அதைவிட 800 மடங்குக்கும் மேல் அடர்த்தி. எண்ணெய் வயல் குழாயில் வாயு அழுத்தப்பட்டு அடர்ந்திருக்கும், அதனால் இன்னும் குறைந்த வாயு வேகத்திலேயே அலை கிளம்பும். அந்த நிலையைக் கல்லூரிக் குழாயில் கொண்டுவருவது ஆபத்து. கணினியில் அடர்த்தி எண்ணை மாற்றினால் போதும். கிலோமீட்டர் நீளக் குழாய்க்கு விஓஎஃப் தாங்காது, குழாயின் நீளவாக்கில் மட்டும் கணக்கிடும் ஒரு பரிமாண மாதிரிதான்.

எந்த வகை ஓட்டம் என்று மட்டும் தெரிய வேண்டுமா? வாயு, திரவ வேகங்களை வைத்து ஓட்ட வகையைக் காட்டும், 1974-இல் வந்த மந்தானே வரைபடமோ, ஒரு வகை எப்போது இன்னொன்றாக மாறும் என்று சொல்லும், 1976-இன் டைட்டல்–டக்ளர் கணக்கோ போதும்.

சோதனை, சிமுலேஷன் இரண்டையும் செய்ய முடிந்தவர்கள் குழாய்ப் படத்தையும் கணினிப் படத்தையும் பக்கத்தில் வைத்து 'ஒத்துப்போகிறது' என்று எழுத வேண்டாம். நிமிடத்துக்கு எத்தனை ஸ்லக், அதன் வேகம், திரவ மட்டம், அழுத்த இழப்பு, இந்த நான்கையும் எண்ணாக வையுங்கள். படம் ஒத்துப்போய் ஸ்லக் எண்ணிக்கை உதைத்தால், முதலில் மெஷ்ஷையும் நுழைவாயிலையும் பாருங்கள்.