லெஸ்னி மேட்ச்பாக்ஸ் 4ஆம் எண்: டிரையம்ப் டி110, சைடுகாருடன்

மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பழைய மினியேச்சர் பைக் சேர்ப்பவர்களுக்கு, முதலில் வாங்க வேண்டியது இதுதான் என்று சொல்லலாம். டிரையம்ப் டி110 பைக்கையும், அதன் பக்கத்தில் ஆள் உட்கார இணைக்கும் சைடுகாரையும் சிறிதாக்கிய பொம்மை இது. இங்கிலாந்தின் லெஸ்னி நிறுவனம் தன் மேட்ச்பாக்ஸ் பொம்மை வண்டி வரிசையில் 4ஆம் எண்ணாக 1960இல் வெளியிட்டது. வெள்ளி கலந்த நீலப் பெயின்ட், கம்பிச் சக்கரம், கருப்பு டயர். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் ஆரக்கம்பிகளை இவ்வளவு நேர்த்தியாக வார்த்திருப்பது அபாரம்.

பலவீனம் ஹேண்டில்பாரில். துத்தநாகக் கலவை வளையாது, உடையும். ஒட்டிய தடம் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். வார்ப்பு உடலில் காந்தம் ஒட்டினால் வாங்க வேண்டாம். துத்தநாகத்தில் காந்தம் ஒட்டாது. அடுத்தது பெயின்ட். தேய வேண்டிய விளிம்புகள் புதிதாகப் பளபளத்தாலோ, டயரில் பெயின்ட் தீற்றல் இருந்தாலோ மறுபூச்சு என்று அர்த்தம். மறுபூச்சுக்கு அசல் விலை கொடுக்காதீர்கள். பெட்டி இருந்தால் விலை ஏறும், ஆனால் பெட்டியும் நகலாக இருக்கலாம்.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திர சோப்பு, மென்மையான பிரஷ் போதும். தின்னர் பட்டால் பெயின்ட் போய்விடும். ஈரம் தங்கினால் உலோகத்தில் வெண்பூ பூக்கும், அதனால் உடனே துடைத்துக் காய வையுங்கள்.

நம்மூர்ச் சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அலமாரி வைப்பது தவறு. சூட்டில் டயர் இளகும், ரெக்சின் விரிப்போடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடித் தட்டும் ஈரம் உறிஞ்சும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

அடுத்து தேடுவதற்கு 1962இன் 66ஆம் எண் ஹார்லி டேவிட்சன், வெண்கல நிறம், அதுவும் சைடுகாருடன்.