கால் மட்டன் பன்னியும் கல்லா ஓரத்தில் ஒரு தாளும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பன்னி என்றால் நம்மூர்ப் பன்னி இல்லை. போன வருடம் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் மாமாவை "வாங்க மாமா, மட்டன் பன்னி சாப்பிடலாம்" என்று கூப்பிட்டேன். மனிதர் செருப்பைப் போடாமல் அப்படியே நின்றுவிட்டார். நான் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பன்னி சாவ் என்றால், வெட்டாத ரொட்டியைக் கால், அரை, முழுசு என்று அறுத்து, நடுவைத் தோண்டி, குழம்பை ஊற்றித் தருவது. தோண்டிய ரொட்டியையே மேலே மூடியாக வைப்பார்கள், அதைப் பிய்த்துத் தொட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

கடை டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில். பெயர் போடவில்லை, ஏனென்றால் அந்தக் கடைக்கு மாசாமாசம் சம்பளக் கணக்குப் போடுவது நான்தான், "நம்பரை எழுதிக்கோ, பேரை விட்டுடு" என்று ஓனர் அங்கிள் சொல்லித்தான் சம்மதித்தார். அதனால் நடுநிலை விமர்சனம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காசு கொடுத்துத்தான் சாப்பிடுகிறேன்.

கால் மட்டன் 110 ரேண்ட், கால் பீன்ஸ் 45. மட்டன் எலும்போடு வரும், உருளைக்கிழங்கு பாதி கரைந்து குழம்பைக் கெட்டியாக்கியிருக்கும், சோம்பும் பட்டையும் கறிவேப்பிலையும் தூக்கலாக இருக்கும். ரொட்டியின் அடிப்பக்கம் ஊறி, ஆனால் ஓட்டை விழாமல் நிற்க வேண்டும், இங்கே நிற்கிறது. கேரட் சம்பலில் வினிகர் ஜாஸ்தி, பல தடவை சொல்லியாயிற்று. உட்கார இடமே கிடையாது, கார் பானட்தான் மேசை. ஒரு வேடிக்கை, இந்த நாட்டில் பிரவுன் ரொட்டிக்கு வாட் வரி இல்லை, வெள்ளை ரொட்டிக்கு 15% உண்டு. பன்னிக்கு வெள்ளைதான் வேண்டும், என்ன செய்ய.

சரி, எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. கல்லா ஓரத்தில் லட்சுமி படத்துக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 2025இல் அதில் இருந்தது: புதிதாகச் சேர்பவருக்கு மணிக்கு 28.79 ரேண்ட், கல்லாவில் இருப்பவருக்கு 34, சமையலுக்கு 40. வாடிக்கையாளர் கண்ணில் படும்படி சம்பளத்தை ஒட்டிவைத்த கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

28.79 என்பது 2025 மார்ச்சில் அரசு வைத்த குறைந்தபட்ச ஊதியம். 2019 ஜனவரியில் இந்தச் சட்டம் வந்தபோது 20 ரேண்ட். வீட்டு வேலை செய்பவர்களுக்கு அன்றைக்கு 15தான், பண்ணையில் 18. பண்ணைக்காரர்கள் 2021இலும் வீட்டு வேலைக்காரர்கள் 2022இலும் மற்றவர்களோடு சமமானார்கள். 28.79இல் வாரம் 45 மணி நேரம் என்று போட்டால் மாதத்துக்கு 5,600 ரேண்ட் சொச்சம் வரும். டிப்ஸ், டாக்சிக் காசு, சாப்பாடு எதையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வரச்சொல்லிவிட்டு ஒரு மணி நேரத்தில் திருப்பி அனுப்பினாலும் நான்கு மணி நேரக் கூலி கொடுத்தாக வேண்டும். நல்ல சட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அது தூக்குவது அடியில் இருப்பவரை மட்டும். அவருக்கு ஒரு படி மேலே இருக்கிறவர் என்ன ஆகிறார் என்று அது கேட்பதில்லை. இதே கடையில் 2019இல் புதுப் பையனுக்கு 20, சமைக்கும் சிசிக்கு (சிசி என்றால் இங்கே அக்கா) 30. 2023 மார்ச்சில் பையனுக்குச் சட்டப்படி 25.42 ஆனது, சிசிக்கு 31. பத்து ரேண்ட் வித்தியாசம் ஐந்தரையாகச் சுருங்கிவிட்டது. ஒருநாள் சிசி தன் சம்பளச் சீட்டையும் பையனுடைய சீட்டையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஓரத்தில் மஞ்சள் கை அப்பியிருந்தது. வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. "சட்டப்படி எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன், சொல்லி முடிப்பதற்குள் எனக்கே வெட்கமாகிவிட்டது. நான் கணக்குப் போடும் இன்னொரு இடத்திலும் இதே கதை, அங்கே யாரும் சீட்டைத் தூக்கிக்கொண்டு வரவில்லை, அதனால் இன்றுவரை அப்படியே ஓடுகிறது.

மொரீஷியஸில் 2024இல் குறைந்தபட்ச ஊதியத்தை 16,500 ரூபாய் ஆக்கியபோது, மேலே இருந்தவர்களின் சம்பளத்தையும் அதற்கேற்பச் சரிக்கட்டச் சொல்லி அரசே விதி போட்டுப் பார்த்தது. இங்கே அப்படி எதுவும் இல்லை, அங்கிள் தானாகச் செய்ததுதான். சிசியின் பழைய வித்தியாசத்தை, கொஞ்சம் கூடவே, திருப்பிக் கொடுத்தார். அப்புறம் ஒரு விதி வைத்தார்: மார்ச்சில் அடியில் எத்தனை ரேண்ட் ஏறுகிறதோ அத்தனை ரேண்ட் எல்லோருக்கும் ஏறும். 2025இல் அது 1.21.

அங்கிளை மகான் ஆக்க வேண்டாம். மட்டனில் ஐந்து ரேண்ட் ஏற்றினார் (பீன்ஸைத் தொடவில்லை). அப்புறம் 29 வயது வரை உள்ளவர்களை வேலைக்கு வைத்தால் அரசு தரும் ஊக்கத்தொகை இருக்கிறதே, 2014இலிருந்து நடக்கிறது, அதைக் கடையின் இரண்டு பையன்களுக்கும் வாங்குகிறோம். 2025இன் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு பையனுக்கு முதல் 12 மாதம் மாதத்துக்கு 1,400 ரேண்டுக்கு மேல், அடுத்த 12 மாதம் அதில் பாதி, அதோடு நின்றுவிடும். ஆக சிசியின் உயர்வில் ஒரு பங்கு கஜானாவிலிருந்து வருகிறது. தகுதியிருந்தும் இதைக் கேட்காமல் விடும் சின்னக் கடைக்காரர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

தாளை எதற்கு ஒட்டினீர்கள் என்று அங்கிளிடம் கேட்டேன். அவர் பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்தவர். அந்த ஒப்பந்தத்தில் முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடாவருடம் ஒரு ஷில்லிங் கூடும். "கூலிக்காரனோட காகிதத்திலேயே ஏற்றம் எழுதியிருந்தது, நாம எழுத மாட்டோமா" என்றார். அந்த ஒப்பந்தத்தில் பெருமைப்பட வேறு எதுவும் இல்லை என்றேன், சிரித்துவிட்டு அடுத்த ஆர்டரை எடுக்கப் போய்விட்டார்.

சாப்பாட்டுக்கு ஐந்துக்கு நாலு, இடத்துக்கு இரண்டு, தாளுக்கு ஐந்து. அரசுச் சட்டத்துக்கு மூன்று, சிசியின் சீட்டைப் பார்க்கத் தெரிந்தால் நாலாக்கிவிடலாம். சனிக்கிழமை பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள், அப்புறம் பீன்ஸ் மட்டும்தான் இருக்கும்.