வயர்களுக்குப் போட்ட உறைகள்: வண்ணார்பேட்டை வீட்டிலும் களக்காட்டுத் தோட்டத்திலும் ஐந்து வருடம்

2020 ஊரடங்கில் வீட்டுக்குள்ளேயே ஆபீஸ் வேலை வந்தபோதுதான் மேசைக்குப் பின்னால் கிடந்த வயர் முடிச்சைக் கவனித்தேன். வாரியலால் பெருக்கினால் ஏதாவது ஒரு வயர் மாட்டி மோடம் கீழே விழும். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் பத்து மீட்டர் ஸ்பைரல் உறை வாங்கிச் சுற்றினேன். சுருள்சுருளாக வரும் பிளாஸ்டிக் பட்டை அது. பிளக்கைக் கழற்றாமலே சுற்றலாம், நடுவில் எந்த இடத்திலும் ஒரு வயரை மட்டும் வெளியே பிரித்து விடலாம். மேசைக்குப் பின்னால் இன்றும் அதுதான் இருக்கிறது.

அழகுக்காக வலைபோல் நெய்த ஸ்லீவும் வாங்கினேன். அமுக்கினால் விரியும், இழுத்தால் இறுகும். கத்தரியால் வெட்டினால் நுனி பிரிந்துபோகும், சால்டரிங் அயர்ன் சூட்டில் உருக்கிவிட வேண்டும். ஆடிக்காற்றில் வரும் தூசி வலைக்குள் புகுந்தால் துடைக்க வழியில்லை. எனக்கு அது ஒத்துவரவில்லை.

மேசையில் ஒரு தப்பும் செய்தேன். எக்ஸ்டென்ஷன் வயரில் மிச்சமிருந்த நீளத்தைச் சுருட்டி உறைக்குள் திணித்தேன். ஒருநாள் அதே எக்ஸ்டென்ஷனில் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டோம். ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். கொஞ்ச நேரத்தில் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. கரண்டு போகும் வயர் சூடாகத்தான் செய்யும். நெருக்கிக் கட்டி உறையும் போட்டால் அந்தச் சூடு வெளியேற இடமில்லை. அதிலிருந்து அடுப்பு, ஹீட்டர் வயர்களை நான் கட்டுவதே இல்லை.

களக்காட்டு வாழைத் தோட்டத்தில் மோட்டார் ரூமுக்கு வெளியே அதே வெள்ளை ஸ்பைரலைச் சுற்றினேன். ஒரு வருடத்தில் விரலால் அழுத்தினாலே நொறுங்கியது. வயர்மேன் தம்பி பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வெயில்ல கிடக்கதுக்கு கருப்புல்லா வாங்கணும்? டேக்கும் கருப்பே போடுங்க"ன்னு சொன்னார். டேக் என்பது வயர்களைச் சேர்த்து இறுக்கிக் கட்டும் பிளாஸ்டிக் நாடா. கருப்புப் பிளாஸ்டிக்கில் சேர்க்கும் கரித்தூள் வெயிலின் புற ஊதாக்கதிரைத் தாங்கிக்கொள்ளும். அவர் சொன்னபடி மாற்றி நாலு வருடமாகிறது, இதுவரை கீறல் இல்லை.

ஆனால் எலிக்குக் கருப்பு, வெள்ளை எல்லாம் ஒன்றுதான். எலிக்கு முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத்தான் ஆக வேண்டும். உறையோடு சேர்த்து வயரையும் கடித்திருந்தது. தரையோரம் போகும் பகுதிக்கு மட்டும் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, ஃப்ளெக்ஸிபிள் பைப் போட்டு, அதை எர்த்தோடு இணைத்தோம். விலை கூடுதல்தான், ஆனாலும் அந்த இடத்துக்கு அதைவிட்டால் வேறில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கதவுக்குப் போகும் வயர்களுக்கு மட்டும் பழைய ஸ்பைரலே இருக்கிறது. கதவைத் திறந்து மூடும்போது கூடவே வளைந்து கொடுக்கிறது.

நான் நிறையக் கற்றுக்கொண்டது 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில். தாமிரபரணி வீட்டுக்குள் இடுப்பளவு வந்தது. வடிந்தபின் மெயினைப் போடாமல் வயர்மேனைக் கூப்பிட்டு, வயரின் இன்சுலேஷன் சரியாக இருக்கிறதா என்று காட்டும் மெக்கர் மீட்டரை வைத்து ஒவ்வொரு லைனாகப் பார்த்தோம். ஸ்பைரல் சுற்றிய வயர்களைப் பிரித்து, கழுவி, காயவைத்ததில் எல்லாம் தேறின. காம்பவுண்ட் ஓரம் போர் மோட்டாருக்குப் போகும் லைன் மட்டும் தேறவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் பத்திரமாக இருக்கும் என்று நம்பி, பிளாஸ்டிக் ஃப்ளெக்ஸிபிள் பைப்புக்குள் விட்டு இரண்டு முனையையும் அடைத்து வைத்தது. பைப் நடுவில் தொய்ந்திருந்த இடத்தை அறுத்ததும் வண்டல் கலந்த தண்ணீர் கொட்டியது. அந்தத் தண்ணீருக்குள் டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட் ஊறிக்கிடந்தது.

எங்கேயோ ஒரு இடுக்கு வழியாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. உறை என்றால் நாலா பக்கமும் மூடியிருக்க வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது உறை வாங்கும்போது, இதைத் திறந்து பார்க்க முடியுமா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

லைனைப் புதிதாக இழுத்தபோது பைப்புக்குள் ஜாயின்டே வைக்கவில்லை. ஜாயின்ட் எல்லாம் ஆள் உயரத்தில் ஜங்ஷன் பாக்ஸுக்குள் போயிற்று. பைப்பைத் தொய்வில்லாமல் கிளாம்ப் அடித்து, வயர் இழுக்கும் முன்பே தாழ்ந்த முனையில் ஒரு சின்னத் துளை போட்டோம். போன ஐப்பசி மழையில் அந்தத் துளையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்ததைக் குடை பிடித்து நின்று பார்த்தேன்.