தமிழில் பேசினான், நம்பிவிட்டேன்: அமெரிக்க விசா பெயரில் 86,500 ரூபாய் போனது

நேற்று இரவு தூக்கமே இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுத விடாது. போனது 86,500 ரூபாய். மனைவியோ கணவனோ அமெரிக்காவில் இருந்து, இங்கே விசாவுக்குக் காத்துக் கிடக்கிற நம் ஆட்கள் கண்ணில் இது பட்டால் போதும்.

நான் இருப்பது மும்பை ஆன்டாப் ஹில். அப்பா காலத்திலேயே நாங்குநேரிப் பக்கமிருந்து வந்த குடும்பம். என் மனைவி டெக்சாஸில் நர்ஸ், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவள். கல்யாணம் முடிந்த கையோடு எனக்காக ஐ-130 மனு, அதாவது குடும்பத்தாரை அங்கே வரவழைக்கப் போடும் மனு, போட்டாள். அது ஒப்புதலாக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அப்புறம் ஃபைல் இன்டர்வியூவுக்கு முந்தைய வேலைகளைப் பார்க்கும் அமெரிக்க அரசு அலுவலகமான நேஷனல் விசா சென்டருக்குப் போனது. என்விசி என்பார்கள், நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு ஈமெயில் வந்தது, அதில் ஒரு கேஸ் நம்பர், ஒரு இன்வாய்ஸ் நம்பர். கேஸ் நம்பர் பிஎம்பி என்று ஆரம்பித்தது, அதாவது மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு, கான்சுலேட்டுக்கு, வரப்போகிற கேஸ். அந்த இரண்டு நம்பரையும் போட்டு அமெரிக்க அரசின் விசா வெப்சைட்டுக்குள் போனால் இரண்டு கட்டணம் காட்டியது. விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர். "இவரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மனைவி கொடுக்கும் உறுதிப் பத்திரத்தைப் பரிசீலிக்க 120 டாலர். ஆக 445.

சரி, நானே கட்டிவிடலாம் என்று பார்த்தால் கார்டு நம்பர் போட இடமே இல்லை. ஏதோ ரவுட்டிங் நம்பர் கேட்டது. மனைவிக்கு வாரத்தில் மூன்று இரவு பன்னிரண்டு மணி நேர டியூட்டி. மிச்ச நாளில் அவள் எழுந்திருக்கும்போது எனக்கு ராத்திரி. "ஏங்க, கான்சுலேட் பக்கத்துலதானே இருக்கு, ஒரு எட்டுப் போய்க் கேட்டுடுங்களேன்" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ரயில் ஏறி வந்து நிற்கிறார்கள், நமக்கு ஜிடிபி நகரில் ஏறினால் குர்லா, அங்கிருந்து ஷேர் ஆட்டோ, அவ்வளவுதானே.

மார்ச் முதல் வாரம், அரை நாள் லீவு போட்டுவிட்டு, கான்சுலேட் இருக்கும் பிகேசி (பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ்) போனேன். கேட்டில் நின்ற காவலாளி என் ஃபைலைத் திறக்கக்கூட விடவில்லை. "அப்பாயின்ட்மெண்ட் லெட்டர் திகாவோ," காட்டு என்றார். இல்லை, ஒரு சந்தேகம் கேட்கத்தான் வந்தேன் என்றேன். சந்தேகமெல்லாம் வெப்சைட்டில் கேள், லைனை விட்டு நகர். அவர் மேல் தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. என்விசி-யில் இருக்கிற ஃபைலைப் பற்றி மும்பை கான்சுலேட்டில் கேட்டுப் பயனே இல்லை. கட்டணம், படிவம், சான்றிதழ் எல்லாம் அங்கே முடிந்து, இன்டர்வியூ தேதி போட்ட பிறகுதான் கேஸ் இங்கே வரும். அன்றைக்கு இது எனக்குத் தெரியாது. வெயிலில் வேர்த்து விறுவிறுத்து, எதிர்ப்பக்கம் போய் ஒரு கட்டிங் சாய் வாங்கிக்கொண்டு நின்றேன்.

"தம்பி தமிழா?"

திரும்பினேன். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் கீற்றாகத் திருநீறு, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது, நான் படிக்கவில்லை. ஃபைல் அட்டையில் தமிழில் எழுதியிருந்த என் பெயரைப் பார்த்தாராம். எந்த ஊர் என்றார். நாங்குநேரிப் பக்கம் என்றேன். "அட, நமக்கு வள்ளியூருல்லா!" என்றார். முப்பது வருடமாக இந்த ஊரில் இந்தியிலும் மராத்தியிலும் பேசிப் பேசி நாக்கு மரத்துப்போனவனுக்கு அந்த 'லா' என்ன செய்யும் என்று வெளியூரில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். டீக்காசையும் அவரே கொடுத்தார். எட்டு ரூபாயோ பத்து ரூபாயோ. அந்த டீதான் எனக்கு 86,500 ரூபாய்க்கு விழுந்தது.

அப்புறம் அவர் சொன்ன ஒன்றில்தான் நான் முழுசாக விழுந்தேன். "நம்ம இந்தியக் கார்டு அதுல எடுக்காது தம்பி. அமெரிக்க பேங்க் அக்கவுண்ட் இருந்தாத்தான் கட்ட முடியும்." இது உண்மை! அமெரிக்காவில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்துதான் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியும். மூன்று நாளாக நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்த மனுஷன் என்று மனதில் பதிந்துபோனது. என் மனைவியே அமெரிக்காவில்தான் இருக்கிறாள், அவளுக்கு அங்கே பேங்க் அக்கவுண்ட் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. இதை எழுதும்போது என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவருடைய ஆபீஸ் குர்லா மேற்கில், ஒரு கடைக்கு மேல் இரண்டாம் மாடி. விசா கன்சல்டன்சி என்று போர்டு. பெயரை நான் இங்கே எழுதவில்லை, வகையைச் சொன்னால் போதும்: சுவரில் அமெரிக்கக் கொடி, கனடாக் கொடி, ஒரு பெரிய சுதந்திரதேவி படம், மூலையில் பிள்ளையார், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பையன். கணக்குப் போட்டுக் காட்டினார். 445 டாலர் கட்டணம், நம் பணத்தில் 38,000. ஃபைலைப் பின்தொடர 25,000. கேஸை 'எக்ஸ்பிடைட்' செய்து, அதாவது துரிதப்படுத்தி, சீக்கிரம் இன்டர்வியூ வாங்க 23,500. கூட்டினால் 86,500. "வேற ஆளா இருந்தா ஒண்ணரை லட்சம் சொல்லியிருப்பேன்." நான் நன்றி வேறு சொன்னேன்.

50,000 ஜிபேயில். மிச்சம் 36,500 ரொக்கம், மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேஸ் நம்பர், இன்வாய்ஸ் நம்பர் இரண்டையும் ஒரு தாளில் அழகாக எழுதிக் கொடுத்தேன். கல்யாணச் சான்றிதழ் ஒரிஜினலை "ஸ்கேன் பண்ணிட்டுத் தர்றேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். பாஸ்போர்ட்டையும் கேட்டார். வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தேன், பிழைத்தேன்.

இதற்கு மேல் 'அவர்' என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

நான்கு நாளில் வாட்ஸாப்பில் ஒரு ரசீது அனுப்பினான். '445 டாலர், பெய்ட்' என்று பச்சை எழுத்தில். கூடவே ஒரு குரல் செய்தி: "தம்பி, நீங்க அடிக்கடி லாகின் பண்ணிப் பார்க்காதீங்க, சிஸ்டம் லாக் ஆயிரும். நான் பார்த்துக்கிடுதேன்." சரி என்று விட்டுவிட்டேன். மனைவியிடமும் வேலை முடிந்தது என்று பெருமையாகச் சொன்னேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு. சர்வர் டவுன். அடுத்த வாரம், அமெரிக்காவில் ஆள் குறைப்பு, எல்லாம் மெதுவாகத்தான் போகும். அதற்கடுத்து, குற்ற வழக்கு இல்லை என்று காட்டும் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழை நாங்களே எடுத்துத் தருகிறோம், 4,000 ரூபாய். நல்லவேளை, அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், பாஸ்போர்ட் சேவா மூலம் நாமே விண்ணப்பித்தால் அதற்குக் கட்டணம் 500 ரூபாய்தான் என்று. அப்போதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். ஏதோ சர்வீஸ் சார்ஜ் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

புனித வெள்ளி அன்று போன் செய்தால், "இன்னைக்கு அமெரிக்காவுல கவர்ன்மெண்ட் லீவு தம்பி" என்றான். மனைவியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "இங்க குட் ஃப்ரைடேவுக்கு ஃபெடரல் லீவு கிடையாதே, தபால்காரர் இப்பத்தான் வந்துட்டுப் போறார்" என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள். "பணம் கட்டியாச்சுன்னு நீங்க உங்க கண்ணால அந்த சைட்ல பார்த்தீங்களா?"

அவளே உள்ளே போய்ப் பார்த்தாள். இரண்டு கட்டணமும் கட்டப்படவில்லை என்றே இருந்தது. அந்த ரசீதும் பொய். 325, 120 இரண்டையும் தனித்தனியாகத்தான் கட்ட முடியும், சேர்த்து 445 என்று ஒரே ரசீது வரவே வராது. அதைவிட மோசம், கடிதப் போக்குவரத்து யாருக்குப் போக வேண்டும் என்று கேட்கும் டிஎஸ்-261 படிவத்தில் ஏஜென்ட் என்று அவனுடைய ஈமெயில் உட்கார்ந்திருக்கிறது. நான் எழுதிக் கொடுத்த இரண்டு நம்பர் போதும், இதைச் செய்ய. அதை மாற்றச் சொல்லி என்விசி-யின் விசாரணைப் படிவத்தில் எழுதியிருக்கிறோம். கட்டணத்தை அவள் தன் வங்கிக் கணக்கிலிருந்து கட்டினாள். பத்து நிமிடம் ஆனது. வெறும் பத்து நிமிடம். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனேன். பையன் மட்டும் இருந்தான். "சாப் மீட்டிங் மே ஹை, கல் ஆவோ." நாளை வா என்கிறான். செவ்வாய் போனேன். சார் சென்னையில் இருக்கிறார். போன் எடுக்கவில்லை. வேறொரு நம்பரிலிருந்து அடித்தேன், எடுத்தான். என் குரல் கேட்டதும் தமிழ் மறந்துபோனது! இந்தியில், அதுவும் 'ஆப்' போட்டு மரியாதையாக, "ரீஃபண்ட் பாலிசி நஹி ஹை, ஆப் ரசீத் பட் லீஜியே" என்கிறான். பணம் திரும்பக் கிடையாதாம், ரசீதைப் படிக்க வேண்டுமாம். வாட்ஸாப்பில் வந்தது இல்லை, தன் கட்டணத்துக்கு என்று அவன் கொடுத்திருந்த ரசீதை எடுத்துப் பார்த்தேன். கீழே எறும்பு போல எழுத்தில், ஆவணத் தயாரிப்பு மற்றும் ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது. அதுவும் 50,000-க்குத்தான் ரசீது. ரொக்கமாகக் கொடுத்த 36,500-க்கு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

நேற்று நேரில் பிடித்தேன். கல்யாணச் சான்றிதழையாவது கொடு என்றேன். ஃபைல் க்ளோஸிங் சார்ஜ் 7,500 கட்டினால் தருவானாம். என் சான்றிதழை எனக்கே விற்கிறான். சத்தம் போட்டேன். பக்கத்து ஆபீஸ்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள், அவர்களுக்கு இது பழகிய காட்சி போலிருக்கிறது. சான்றிதழ் போகட்டும், பதிவு அலுவலகத்தில் நகல் வாங்கிக்கொள்ளலாம். 86,500 ரூபாய்க்கு எங்கே போய் நகல் வாங்குவது?

சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் செய்து புகார் நம்பர் வாங்கியிருக்கிறேன். வங்கியில், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் என்ன செய்வது என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் இது ஏமாற்று வழக்கா, நுகர்வோர் வழக்கா என்று அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். மாலையில் வா என்றார்கள். மாலையில் போனால் பந்தோபஸ்து டியூட்டி.

எல்லாப் படிகளையும் வரிசையாக, விளக்கமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, இப்போதைக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கேஸ் நம்பரையும் இன்வாய்ஸ் நம்பரையும் சேர்த்து யாரிடமும் கொடுக்காதீர்கள், அது வீட்டுச் சாவி மாதிரி. என்விசி கட்டணத்தை அமெரிக்காவில் இருக்கிற உங்கள் ஆளே கட்டட்டும். முகவரி டாட் கவ் (.gov) என்று முடியாத எந்த தளத்திலும் இந்தக் கட்டணத்தைக் கட்டாதீர்கள். பணம் கொடுத்து எக்ஸ்பிடைட் என்று ஒன்று கிடையாது. உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரம் மாதிரி காரணம் இருந்தால் என்விசி-க்கு நாமே எழுதலாம், அதற்குக் காசு கேட்க மாட்டார்கள். சந்தேகம் கேட்க கான்சுலேட் வாசலுக்குப் போகவே போகாதீர்கள். வாசலில் தமிழில் பேசுகிறவனிடம் டீ வாங்கிக் குடிக்காதீர்கள்.

நாளை காலை மறுபடி ஸ்டேஷனுக்குப் போகிறேன். குர்லா மேற்கில் இதே மாதிரி இரண்டாம் மாடியில் பணம் கொடுத்துவிட்டு வெளியில் சொல்லாமல் இருக்கிறவர்கள் இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். நான் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் அங்கே மூன்று பேர் ஃபைலோடு வந்தார்கள், அதில் ஒருவர் மனைவியோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு ஆளாகப் போனால் மாலையில் வா என்கிறார்கள். நாலு பேராகப் போனால் எழுதியாவது வாங்கிக்கொள்வார்கள்.