ஸ்பெக்ட்ராவா, வெக்ட்ரானா: குடைக்குக் கயிறு மாற்றிய கதை

போன வசந்தத்தில் என் பாராசூட்டுக்குக் கயிறு மாற்ற வேண்டி வந்தது. குடைத்துணிக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்பது காற்றறை கொண்ட சேபர்2 என்ற மாடல், 170 சதுர அடி, இன்னும் பல வருஷம் ஓடும். கயிறுகள்தான் 540 ஜம்ப் பார்த்துக் களைத்துப்போயிருந்தன. எதைப் போடுவது என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் பழையபடி ஸ்பெக்ட்ராவையே போட்டேன். "இன்னுமா அதைக் கட்டிக்கொண்டு அழுகிறாய்?" என்று எங்கள் கூட்டத்தின் இளையவன் சிரித்தான். அவன் வெக்ட்ரான் கட்சி. அந்தச் சிரிப்புக்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான் குதிப்பது பெரிஸில். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து தென்கிழக்கே சுமார் 70 மைல். ட்வின் ஆட்டர் விமானத்தில் 12,500 அடிக்கு ஏற்றிவிடுவார்கள். இறங்குவதற்குப் பச்சைப் புல்தரை போட்டு வைத்திருக்கிறார்கள். அதைத் தவறவிட்டுப் பக்கத்துப் புழுதிக்காட்டில் இறங்குவதில் எனக்கு நல்ல பழக்கம். இந்தப் புழுதிக்கு அப்புறம் ஒரு வேலை இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டேக்ரானை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பாலியெஸ்டர் கயிறு, தடிமன் அதிகம், கொஞ்சம் இழுபடும். இழுபடுவதால் குடை விரியும்போது உடம்பு அவ்வளவாக அதிராது. பழகுகிறவர்களின் குடைகளிலும், வானத்தில் குடையோடு குடை பிணைத்துப் பறக்கிறவர்களிடமும் அதைப் பார்க்கலாம். மெல்லிய கயிறு பின்னிக்கொண்டால் கையை அறுத்துவிடும் என்பதால் பிணைத்துப் பறப்பவர்கள் அதை விடுவதில்லை. ஆனால் மடித்தால் பை கொள்ளாது, காற்றையும் தடுக்கும். அடுத்து ஹெச்எம்ஏ. மிக மெல்லிசு, சிறிய குடையில் வேகமாகத் தரையைத் தடவி இறங்குகிறவர்களின் செல்லம். அதில் நான் ஒரு ஜம்ப்கூடச் செய்ததில்லை, பேசினால் இரவல் பேச்சாகிவிடும். என் மாதிரி வாரக்கடைசி ஆசாமிக்கு மிஞ்சுவது இரண்டு.

ஸ்பெக்ட்ரா என்பது பாலிஎத்திலீன். காய்கறிக் கடையில் தரும் பிளாஸ்டிக் பையின் பெரியப்பா மகன் என்று சொல்லலாம். மூலக்கூறுகள் மட்டும் மிக நீளம், எல்லாம் ஒரே திசையில் நீவி வைக்கப்பட்டவை. 725 பவுண்டு, 825 பவுண்டு தாங்கும் ரகங்கள் இருக்கின்றன. கையில் எடுத்தால் ஷூ லேஸை விட மெல்லிசு, வழவழவென்று வழுக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். பிளாஸ்டிக் பையின் சொந்தக்காரனுக்கு எது ஆகாதோ அதுதான் இதற்கும் ஆகாது: சூடு. 150 டிகிரி செல்சியஸ் வந்தாலே உருக ஆரம்பித்துவிடும்.

வெக்ட்ரானுக்குச் சூடு பொருட்டே இல்லை. 300 டிகிரியைத் தாண்டித்தான் உருகும், சாதாரணச் சூட்டில் சுருங்காது, நீளாது. 1997இல் மார்ஸ் பாத்ஃபைண்டர் செவ்வாயில் துள்ளித் துள்ளி இறங்கியதே, அந்தக் காற்றுப்பைகள் வெக்ட்ரான் துணிதான். இளையவன் இதைச் சொல்லாமல் எந்த விவாதத்தையும் முடிக்க மாட்டான். ஆனால் வெக்ட்ரானுக்கு உரசலும் வெயிலும் ஆகாது. செவ்வாயில் அந்தப் பைகள் இறங்கியது ஒரே ஒரு தடவை. நான் மாதத்துக்கு ஆறேழு தடவை இறங்குகிறேன், அதுவும் புழுதியில்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கூலியோடு சேர்த்து 350 டாலருக்குப் பக்கத்தில் வந்தது, மற்றதைப் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதேதான். குடை விரிவதிலும் பெரிய வேறுபாட்டை நான் உணர்ந்ததில்லை. ஆகவே எனக்கு இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: இந்தக் கயிறு பழசாகும்போது எப்படிப் பழசாகும்?

அதற்கு ஸ்லைடரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான்கு மூலையிலும் உலோக வளையம் வைத்த ஒரு செவ்வகத் துணி அது. மணிக்கு 120 மைல் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும் ஆளுக்கு மேலே குடை ஒரே அடியில் படாரென்று விரிந்தால் உடம்பு தாங்காது. ஆகவே இந்தத் துணி கயிறுகளை நான்கு கொத்தாகப் பிடித்துக்கொண்டு மேலிருந்து மெல்ல இறங்கும், குடையும் மூன்று நான்கு நொடியில் நிதானமாக விரியும். அப்படி இறங்கும்போது வளையம் கயிற்றில் உரசுகிறது, சூடேறுகிறது. ஒவ்வொரு ஜம்ப்பிலும் ஸ்பெக்ட்ரா ஒரு துளி சுருங்குகிறது.

எல்லாக் கயிறும் ஒரே அளவு சுருங்கினால் பாதகமில்லை. ஓரத்துக் கயிறுகள் வளையத்தில் அதிகம் உரசும், நடுவில் இருப்பவை குறைவாக உரசும். எல்லாவற்றையும் விட மோசம் பிரேக் கயிறு. குடையின் பின்விளிம்பிலிருந்து கைப்பிடிக்கு வருகிற, திரும்பவும் நிற்கவும் இழுக்கிற கயிறு அது. அது குட்டையானால் கையைத் தொடாமலே பின்விளிம்பு கீழே இழுபட்டிருக்கும், பாதிப் பிரேக் பிடித்தபடியே பைக் ஓட்டுவது போல. குடை மந்தமாகும். இறங்கும்போது வழக்கம்போல முழுக்க இழுத்தால் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே பறப்பு நின்றுபோய்த் தொப்பென்று விழ வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக் கொடுத்தவர் எங்கள் ரிக்கர், அதாவது பாராசூட்டைச் சோதித்து, மடித்து, பழுதுபார்க்கும் தொழில்காரர். அமெரிக்காவில், முதல் குடை கைவிட்டால் திறக்கிற ரிசர்வ் குடையை 180 நாளுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற ரிக்கர்தான் திறந்து பார்த்து மடிக்க வேண்டும் என்பது சட்டம். அப்படி வருஷத்துக்கு இரண்டு தடவை அவரிடம் போய்த்தான் சிநேகம். எழுபதைத் தாண்டியவர், குதிப்பதை நிறுத்தி வெகு காலம். குடையை மடிப்பதைவிடக் கயிற்றைப் பார்ப்பதில் அவருக்கு மோகம். சுவரில் ஒரு கொக்கி. அதில் ஒரு பக்கத்தை மாட்டி, ஒவ்வொரு கயிறாக ஸ்பிரிங் தராசில் பத்துப் பவுண்டுக்கு இழுத்து, தயாரிப்பாளர் தந்த அளவுப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒரு நோட்டில் பென்சிலால் எழுதுவார். பேச்சு கிடையாது. கயிற்றின் முனையில் கண்ணி போடுவதற்கு அதன் வயிற்றுக்குள் அதையே செருகித் தைப்பார்கள். அவர் வளைந்த கம்பியால் கயிற்றை உள்ளே இழுப்பதைப் பார்க்கும்போதெல்லாம், பாட்டி ஊக்கைக் கோர்த்துப் பாவாடைக்கு நாடா ஏற்றுவதுதான் எனக்கு நினைவுக்கு வரும். ஒருநாள் அதைச் சொன்னேன். "உன் பாட்டிக்கு என்னைவிட வேகம் அதிகமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கப்புறம்தான் என்னோடு பேச ஆரம்பித்தார்.

அவர் சொல்லித் தந்த சோதனை ஒன்று உண்டு, காசு செலவில்லை. குடை விரிந்து எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று பார்த்த பிறகு, கைப்பிடியை முழுசாக மேலே விட்டுவிட்டு அண்ணாந்து பின்பக்கம் பார். பிரேக் கயிறு காற்றில் பின்னோக்கி வளைந்து, துணி காயாத கொடிக்கயிறு மாதிரித் தொய்ந்து நின்றால் சரி. விறைப்பாக நின்றால் சுருங்கிவிட்டது. என் பழைய பிரேக் கயிறுகளைக் கழற்றி அளந்தபோது இடது பக்கம் நாலு அங்குலம் குட்டை, வலது பக்கம் மூன்று. இடப்பக்கமாகவே மெல்ல இழுத்துக்கொண்டு போகிறதே என்று ஆறு மாதமாக என் தோளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்!

ஸ்பெக்ட்ராவிடம் எனக்குப் பிடித்தது இதுதான். அது கெட்டுப்போவதை அளக்க முடிகிறது, பறக்கும்போதே உணர முடிகிறது. முழுக் கயிற்றையும் மாற்ற வேண்டியதில்லை. பிரேக்கின் கீழ்ப்பகுதியை மட்டும் 200 ஜம்ப்புக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே வந்தால் மற்றவை 500, 600 வரை ஓடும். நான் அதைச் செய்யாமல் விட்டதால்தான் நாலு அங்குலம் போனது.

வெக்ட்ரான் அப்படிச் சொல்லாது. நீளம் முதல் நாள் போலவே இருக்கும், குடை புதுசு போலவே பறக்கும். கயிறு மட்டும் மேலே பஞ்சு விட ஆரம்பிக்கும், பழைய ஸ்வெட்டர் மாதிரி. அந்தப் பஞ்சு எவ்வளவு ஆழம் என்று கண்ணால் சொல்வது கஷ்டம். சேர்ந்து குதிக்கும் எங்கள் நால்வரில் ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர், வெக்ட்ரான்தான் வைத்திருந்தார். தோளிலிருந்து கயிறுகளுக்குப் போகும் பட்டைக்கு ரைசர் என்று பெயர்; பிரேக் கயிறு அதில் இருக்கும் சிறு வளையத்துக்குள் நுழையும் இடத்தில் பூனை முடி போலப் பஞ்சு பிடித்திருந்தது. அந்தப் புழுதி இடுக்கில் புகுந்து உப்புத்தாள் வேலை பார்த்திருக்கிறது. பார்த்தோம், எல்லோருமே பார்த்தோம். "அடுத்த மாதம் மாற்றிவிடுகிறேன்" என்றார். இரண்டு வாரம் கழித்து, தரைக்குப் பத்தடி உயரத்தில் முழுக்க இழுத்த நேரத்தில் வலப்பக்கம் பட்டென்று அறுந்தது. ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்த குடை அப்படியே சுழன்று அவரைத் தரையில் அறைந்தது. கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கட்டோடு வந்து உட்கார்ந்து நாங்கள் குதிப்பதை மூன்று மாதம் வேடிக்கை பார்த்தார், கூடவே எல்லோருடைய இறங்குதலுக்கும் மார்க் போட்டார். எனக்குப் பத்துக்கு நாலுக்கு மேல் கிடைத்ததே இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் அது வெக்ட்ரானின் குற்றம் மட்டும் இல்லை. தேய்ந்த ஸ்பெக்ட்ராவும் அறுந்து போகும். காலத்தில் மாற்றியிருந்தால் அவர் இன்றைக்கும் வெக்ட்ரானைப் புகழ்ந்துகொண்டிருப்பார். எங்கள் இளையவன் வருஷத்துக்கு 300 ஜம்ப் செய்கிறான், 107 சதுர அடிக் குடை. அவ்வளவு சின்னக் குடையில் அரை அங்குலம் பிசகினாலும் பறப்பு கெட்டுவிடும். அவனுக்குச் சுருங்காத கயிறு வேண்டும், பஞ்சைப் பார்த்ததும் காசைப் பார்க்காமல் மாற்றுகிற குணமும் இருக்கிறது. அவன் இடத்தில் இருந்தால் நானும் ஸ்பெக்ட்ராவைத் தொட மாட்டேன். நான் வருஷத்துக்கு எழுபது எண்பதுதான். என் கயிறு ஆறேழு வருஷம் வெயிலும் புழுதியும் தின்ன வேண்டும், சோம்பேறித்தனத்தையும் மன்னிக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெக்ட்ரானில் என் சொந்த அனுபவம் இரவல் குடையில் நாற்பது ஜம்ப்புக்கு மேல் இல்லை. அதன் முதுமையை நான் பார்த்தது பிறர் குடைகளில்தான்.

அப்புறம் மறுவிற்பனை. இதற்கு முன் வைத்திருந்த 190ஐ விற்றபோது வாங்க வந்த பெண் துணியைத் தொடுவதற்கு முன் கேட்டது, "கயிற்றில் எத்தனை ஜம்ப்?" பழைய குடை வாங்குகிறவர்கள் மனசுக்குள் கயிறு மாற்றும் செலவைக் கழித்துவிட்டுத்தான் விலையே பேசுவார்கள். நான் ரிக்கரின் பென்சில் கணக்கை நீட்டினேன். ஒவ்வொரு கயிறும் பட்டியலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அதில் இருந்தது. பார்த்தார், ஒரு கயிற்றை மட்டும் தானே அளந்து சரிபார்த்தார், பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார். பஞ்சு விட்ட கயிற்றுக்கு இப்படி ஒரு கணக்கு எழுத முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு விற்பனையை வைத்துச் சொல்கிறேன், சந்தை நிலவரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரிக்கர் போன வருஷம் அக்டோபரில் போய்ச் சேர்ந்தார். ஸ்கைடைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, சாம்பலை வானத்தில் விடுவது. தபால்காரர், பள்ளிப் பேருந்து ஓட்டும் எங்கள் அக்கா, இளையவன், நான், நால்வரும் கைகோர்த்து விழுந்தோம். அக்கா பையைத் திறந்தார். சாம்பல் எங்களுக்கு மேலே போயிற்று. நாம்தான் விழுகிறோம், அது அங்கேயே நிற்கிறது என்பது அந்த நொடியில் மண்டையில் உறைக்கவில்லை, அவர் எழுந்து போவதாகத்தான் தோன்றியது. இறங்கிக் கண்ணாடியைக் கழற்றியபோது இளையவனின் புருவமெல்லாம் சாம்பல். "கடைசியிலும் என் வெக்ட்ரானைச் சோதிக்க வந்திருக்கிறார்" என்றான்.

அவர் மகள் கருவிகளைப் பங்கு போட்டபோது ஸ்பிரிங் தராசும் நோட்டும் எனக்கு வந்தன. புதுக் கயிறு போட்டது வேறொரு ரிக்கர், நல்ல வேலைக்காரர், நிறையப் பேசுகிறார். கார் ஷெட்டில் நானே ஒரு கொக்கி அடித்திருக்கிறேன். ஐம்பது ஜம்ப் முடிந்ததும் மாட்டி இழுத்துப் பார்த்தேன். இடது பிரேக் முக்கால் அங்குலம் குறைவு, வலது அரை அங்குலம். என் பழைய கயிறுகளுக்கு அவர் எழுதிய கடைசிக் கட்டத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு, பென்சிலாலேயே எழுதி வைத்தேன்.